வந்தாறுமூலையா, புளியந்தீவா, கல்லடியா: மீட்டரோட வீடு பார்த்த கதை

வீடு பார்க்கப் போனா மற்ற ஆக்கள் முதல்ல குசினியைப் பார்ப்பினம், நான் நேர கிணத்தடிக்குப் போயிடுவன். கைப்பையில எப்பவும் ஒரு கடத்துதிறன் மீட்டர் கிடக்கும், பேனை மாதிரி சின்னச் சாமான், நுனியைத் தண்ணிக்குள்ள விட்டா எவ்வளவு உப்புக் கரைஞ்சிருக்கு எண்டதுக்கு ஒரு நம்பர் காட்டும். வீட்டுக்காரர் வாடகை கதைக்க வாயெடுக்க முதல் நான் வாளியை இறக்கிட்டன் எண்டா அவைக்கு என்னில ஒரு சந்தேகம் வாறது நியாயம்தானே, ஒரு வீட்டில "மகள் வாட்டர் போர்டில இருந்தா வாறீங்க" எண்டே கேட்டவ.

நான் யாழ்ப்பாணம், படிச்சது பேராதனை, ஆராய்ச்சி களப்புத் தண்ணியில. கிழக்குப் பல்கலைக்கழகத்தில வேலை கிடைச்சு மட்டக்களப்புக்கு வந்து இப்ப ரெண்டு மாசம். வரேக்க தீர்மானிக்க ரெண்டு விஷயம் இருந்துது. ஒண்டு வீடு. மற்றது எழுத்து. ஆறேழு வருஷமா என்ர வேலையைப் பற்றி இங்கிலீஷில எழுதிக்கொண்டு வந்தனான், மாசத்துக்கு ஒண்டு ரெண்டு, வாசிக்கிறது அதே துறையில இருக்கிற ஒரு முப்பது பேர், அதிலயும் பாதிப்பேர் என்னோட ஒண்டாப் படிச்ச ஆக்கள், வாசிச்சிட்டு "நைஸ்" எண்டு சொல்லுவினம், அவ்வளவுதான். ஊர் மாறின கையோட அதை அப்பிடியே கொண்டுபோறதா, தமிழுக்கு வாறதா, தமிழ் எண்டா எந்தத் தமிழ் எண்டு மண்டைக்குள்ள ஒரே இழுபறி. வீடும் எழுத்தும் வேற வேற பிரச்சினை எண்டுதான் முதல் மாசம் முழுக்க நினைச்சுக்கொண்டு திரிஞ்சன்.

வந்தாறுமூலைப் பக்கத்தை முதல்ல சொல்லிடுறன், ஏனெண்டா பேப்பரில கணக்குப் போட்டா அதை அடிக்க ஒண்டும் இல்ல. கம்பஸ் அங்கதான், 1981ல கல்லூரியா தொடங்கி 1986ல பல்கலைக்கழகமானது, டவுனில இருந்து திருகோணமலை ரோட்டால 16, 17 கிலோமீட்டர். பக்கத்தில செங்கலடியில ஒரு வீடு பார்த்தன், ரெண்டு அறை, முத்தத்தில மாமரம், வாடகை டவுனில கேட்டதில அரைவாசி, காலமை எட்டரைக்கு வீட்டை விட்டாலும் எட்டே முக்காலுக்கு லாப்பில நிக்கலாம். கிணத்துத் தண்ணியோ நான் பார்த்ததுக்குள்ள முதலாம் தரம், மீட்டரில நம்பர் நானூறைக் கூடத் தொடேல்ல, வாயில வைச்சுப் பார்த்தன், மழைத்தண்ணி மாதிரி. யாழ்ப்பாணத்தில சுண்ணாம்புக்கல்லுத் தண்ணி குடிச்சு வளர்ந்த நாக்குக்கு இது ஏதோ குறையுற மாதிரிக்கூட இருந்துது.

பிறகென்ன குறை எண்டு கேட்டா, பின்னேரம் ஆறரைக்குப் பிறகு நான் அங்க என்ன செய்யிறது எண்ட கேள்விதான். கம்பஸ் பிள்ளைகள் போனாப் பிறகு சந்தியில நாலு கடை, பஸ் சத்தம். கடைக்குப் பாணுக்குப் போனாலும் "மிஸ், அந்த ரிப்போர்ட்டை வெள்ளிக்கிழமை தரலாமா" எண்டு ஒரு பிள்ளை நிக்கும், வேலை முடிஞ்சும் வேலைக்குள்ளயே கிடக்கவேணும். மாரி வந்தா அந்தப் பக்கம் ரோட்டில தண்ணி ஏறுற இடங்களும் இருக்கு, 2011 ஜனவரி வெள்ளத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா அங்கத்தை ஆக்கள் லேசில நிப்பாட்ட மாட்டினம்.

ஆனா எழுத்துப் பக்கத்தால பார்த்தா வந்தாறுமூலைக்கு ஒரு பெரிய பிளஸ் இருக்கு. எங்கட பிள்ளைகள் ஏ.எல். வரைக்கும் தமிழில படிச்சிட்டு வருகுதுகள், ஒட்சிசன், நைத்திரேற்று, உவர்த்தன்மை எல்லாம் தண்ணிபட்ட பாடு, கம்பஸுக்குள்ள வந்த முதல் நாளே எல்லாம் இங்கிலீஷ். அண்டைக்கு ஒரு பிள்ளையின்ர நோட்டை எட்டிப் பார்த்தன், "சலினிட்டி" எண்டு தமிழ் எழுத்தில எழுதி வைச்சிருக்கு, உவர்த்தன்மைதான் அது எண்டு சொன்னவுடன முகத்தில ஒரு வெளிச்சம். அப்ப பிள்ளைகளுக்காக, பாடப்புத்தகத் தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் நடுவில நிண்டு எழுதலாம். பிரயோசனமான வேலை, வாசிக்கிறதுக்கு வருஷா வருஷம் புதுசா ஒரு பட்ச் வரும். ஒரு விஷயம்தான் இடிச்சுது: அதுகள் வாசிக்கிறது சோதினைக்காக. சோதினை முடிஞ்ச அண்டைக்கு நோட்டுப் பழைய பேப்பர்.

புளியந்தீவைப் பற்றி நீட்ட ஒண்டும் இல்ல. நாலு பக்கமும் வாவி சுத்தின தீவு, போர்த்துக்கீசர் 1628ல கட்டி ஒல்லாந்தர் 1638ல பிடிச்ச கோட்டை அங்க, 1814ல தொடங்கின மெதடிஸ்த மத்திய கல்லூரி அங்க, லைப்ரரி, பேங்க், நல்ல பேக்கரி எல்லாம் நடக்கிற தூரம். தனிய இருக்கிற பொம்பிளைக்கு இதுதான் பாதுகாப்பு எண்டு டவுன் ஆக்கள் சொன்னது பொய்யில்ல, ராவு ஒன்பதுக்கும் வெளிச்சத்தில நடந்து வரலாம். மேல்மாடி ஒண்டு பார்த்தன், பழைய காலத்து உயரமான கதவு, ஜன்னலால வாவி தெரியுது, ஒரு நிமிஷம் ஆசைப்பட்டுட்டன், வாடகையைச் சொன்னவுடன ஆசை இறங்கிட்டுது.

கிணறு எங்க எண்டு கேட்டன். பின்வளவில தகரம் போட்டு மூடி அதுக்கு மேல பூச்சாடி வைச்சிருந்தவை. பைப்பில உன்னிச்சைக் குளத்துத் தண்ணி வருகுது, பிறகேன் கிணறு எண்டு அந்த ஐயா கேட்டார், சரியான கேள்விதான். நெருக்கமான வளவுகளில கிணத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில 15 மீட்டர் விடவேணும் எண்ட கணக்கு எங்க சரிவரும், பக்கத்து வீட்டுக் குழி எங்கட மதிலோட நிக்கும். அந்த ஊறலோட வாற நைத்திரேற்று கொதிக்க வைச்சாப் போகாது, தண்ணி ஆவியாகக் கூடத்தான் செய்யும். கிருமி சாகும், நைத்திரேற்று இருக்கும். லீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினா போத்தில் பால் குடிக்கிற கைக்குழந்தைக்குக் கூடாது எண்டது உலக சுகாதார நிறுவனத்தின்ர வரம்பு. மூடினதே நல்லது. அதோட எனக்கு அங்க வேலையும் இல்லாமப் போச்சுது, கிணத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லாத வீட்டில நான் யாரோட என்னத்தைக் கதைக்கிறது.

படுவான்கரையையும் ஒருத்தர் சொன்னவர். வாவிக்கு மேற்கால சூரியன் படுற கரை படுவான்கரை, கிழக்கால எழும்புற கரை எழுவான்கரை, எவ்வளவு வடிவான பேர் பாருங்கோ. 2014ல மண்முனைப் பாலம் வந்தாப் பிறகு கொக்கட்டிச்சோலைக்குப் பாதையில ஏறிக் காத்துக்கிடக்கத் தேவையில்ல. (பாதை எண்டா இங்க ரோட்டில்ல, ஆக்களையும் மோட்டச்சைக்கிளையும் ஏத்தி வாவியைக் கடக்கிற தெப்பம். குருமண்வெளியில "பாதை எங்க" எண்டு கேட்டவுடன தண்ணியைக் காட்டினவை, எனக்கு விளங்க நேரமெடுத்தது.) வயலும் மாடும் தயிரும் எல்லாம் சரி, ஆனா உள்ளுக்குப் போகப் போக யானைப் பயம், ராவில ஸ்கூட்டியில தனிய வர எனக்குத் தைரியம் இல்ல. அதைப் பேப்பரிலயே வெட்டிட்டன்.

இனிக் கல்லடி. இதில நான் நடுநிலையா எழுதேலாது, முதலே சொல்லிடுறன்.

டவுனில இருந்து பாலத்தால கடந்தா கல்லடி, 1924ல திறந்த பழைய இரும்புப் பாலம் ஒரு பக்கம், 2013ல திறந்த புதுப் பாலம் மற்றப் பக்கம். பின்னேரம் பழைய பாலத்தில காத்து வாங்க ஆக்கள் நிப்பினம், புதுசா வந்த ஆள் எண்டு தெரிஞ்சா "மீன் பாடுறது கேட்டனீங்களா" எண்டு கேப்பினம். பூரணை ராவில தோணியில போய்த் துடுப்பின்ர ஒரு நுனியைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காதை வைக்கவேணும் எண்டு ஒரு வயசான ஐயா சொல்லித்தந்தவர். துடுப்பு விஷயம் அச்சொட்டான பௌதிகம், தண்ணிக்குள்ள இருக்கிற சத்தம் காத்துக்கு ஏறாம மேற்பரப்பில அனேகமாத் திரும்பிப் போயிடும், மரத்தால வந்தா காதுக்கு வரும். அவர் பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்பு.

நான் பார்த்த வீடு கல்லடி உப்போடையில. பேரைப் பாருங்கோ, உப்போடை. ஊருக்குப் பேர் வைச்ச ஆள் மீட்டர் இல்லாமலே ரீடிங் எடுத்திட்டுப் போயிருக்கு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில மணல், அந்த மணலுக்குள்ள மழைத்தண்ணி இறங்கி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. கடல்தண்ணியின்ர அடர்த்தி 1.025, நல்லதண்ணி 1, அந்தச் சின்ன வித்தியாசத்தால கடல்மட்டத்துக்கு மேல ஒரு மீட்டர் நல்லதண்ணி நிண்டா கீழ நாற்பது மீட்டர் வரைக்கும் நிக்கலாம் எண்டது கைபன்-ஹெர்ட்ஸ்பேர்க் கணக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இதை மாறியும் வாசிக்கவேணும், மேல ஒரு அடி இறைச்சு இறக்கினா கீழ இருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். ஒடுக்கமான மணல் கரையில அவ்வளவு தடிப்பான நல்லதண்ணி எங்க இருக்கு.

வாளியை இறக்கி மீட்டரை விட்டன், ரெண்டாயிரத்துச் சொச்சம். கடல்தண்ணி அம்பதாயிரம் காட்டும், அதோட பார்த்தா இது ஒண்டுமில்ல, ஆனா தேத்தண்ணி போட்டா தெரியும். வீட்டுக்கார அம்மா பக்கத்தில வந்து நிண்டு நம்பரையும் என்ர முகத்தையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு தானா சொல்லத் தொடங்கினா. 2004 சுனாமியில கிணறு முழுக்கக் கடல்தண்ணி, சேறு, என்னென்னவோ. (அந்தக் கரையில திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சரிஞ்சு போனது எல்லாருக்கும் தெரியும், நாவலடிப் பக்கம் பட்டது அதைவிடப் பெரிசு.) தண்ணி வடிஞ்சாப் பிறகு மோட்டர் கொண்டுவந்து இறைச்சவை, சரிவரேல்ல எண்டு திரும்ப இறைச்சவை, திரும்பவும். "இறைக்க இறைக்க உப்புக் கூடிச்சே தவிர குறையல்ல மகள், அது ஏன் எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லல்ல."

இருபது வருஷமா ஒரு மனிசி வைச்சுக்கொண்டிருந்த கேள்வி. விடை புதுசில்ல, சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளைப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் அந்த நேரமே சொன்ன விஷயம்தான், ஊத்தையை எடுக்க ஒருக்கா மெதுவா இறைக்கலாம், விடாம இறைச்சா மேல மிதக்கிற நல்லதண்ணி போய்க் கீழ இருக்கிற உப்பு கிணத்துக்குள்ள ஏறும், மிச்சத்தை மழைதான் கழுவவேணும். இங்கிலீஷில எழுதி வைச்சிருக்கினம். நானும் எழுதியிருக்கிறன், வடிவான வரைபடம் எல்லாம் போட்டு. உப்போடைக்கு அது வந்து சேரேல்ல.

அதை அவவுக்குச் சொன்னன், கையால மேல கீழ காட்டி. கொஞ்சம் யோசிச்சிட்டு "அப்ப ஆணத்துக்கு மேல எண்ணெய் நிக்கிற மாதிரி, அகப்பையை ஆழ விட்டா ஆணம்தானே வரும்" எண்டா. நான் எத்தினை நாள் மண்டையை உடைச்சு அந்த வரைபடம் கீறினனான் எண்டு நினைச்சுப் பார்த்தன்.

பிறகு கேட்டா, "இதில குடிக்கலாமா குடிக்கேலாதா எண்டு ஒரு துண்டில எழுதித் தாறியா மகள், மருமகன் நான் சொன்னா நம்பமாட்டார்." சரியெண்டு பேனையை எடுத்தா, கை ஓடேல்ல. எழுதினன்: "கிணற்று நீரின் மின்கடத்துதிறன் பரிந்துரைக்கப்பட்ட அளவை விட உயர்வாகக் காணப்படுகிறது." அவ அதை வாங்கி ஐயர் மந்திரம் சொல்லுற மாதிரி ஒவ்வொரு சொல்லா வாசிச்சிட்டு "இது எங்கட கிணத்தைப் பற்றியா" எண்டு கேட்டா. துண்டைக் கிழிச்சிட்டுத் திரும்ப எழுதினன். இந்தத் தண்ணியில குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், தென்னைக்கு விடலாம். குடிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் பைப் தண்ணி. கொதிக்க வைச்சா கிருமிதான் சாகும், உப்புப் போகாது. மோட்டரை ஒரேயடியா ஓட்ட வேண்டாம், காலமை கொஞ்சம் பின்னேரம் கொஞ்சம், அகப்பையை ஆழ விடாதேங்கோ. கடைசி வரி அவவின்ர, நான் களவெடுத்தது. அதைக் கொண்டுபோய்க் குசினிக்குள்ள கலண்டருக்குக் கீழ குத்தினா.

வீட்டில இருந்து கிட்டத்தான் விபுலாநந்த அடிகள் 1929ல தொடங்கின சிவானந்த வித்தியாலயம். அவரை எல்லாரும் இசைத்தமிழோட சேர்த்துத்தான் நினைக்கிறது, ஆள் லண்டன் பி.எஸ்.சி., விஞ்ஞானம் படிப்பிச்ச வாத்தியார், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும். ரெண்டையும் ஒரே மண்டையில வைச்சிருந்த மனிசன். அவரின்ர தமிழ் எனக்கு வராது, வந்தாலும் அந்தக் கலண்டருக்குக் கீழ அது நிக்காது. ஆனா அந்தப் பள்ளிக்கூடத்தைக் கடந்து போகேக்கயெல்லாம் "விஞ்ஞானத்தைத் தமிழில சொல்லேலாது" எண்டு நான் பேராதனையில சொல்லித் திரிஞ்சது ஞாபகம் வந்து ஒரு மாதிரி இருக்கும்.

கல்லடியின்ர பிழைகளையும் சொல்லத்தானே வேணும். கம்பஸுக்கு இருபது கிலோமீட்டர், காலமை பஸ்ஸில பிழிஞ்சுகொண்டு போகவேணும், டவுனில மாறவேணும். உப்புக்காத்துக்கு ஸ்கூட்டி கறள் பிடிக்கும், லப்டொப்புக்கும் நல்லதில்ல. 1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004ம் பட்ட கரை இது, கடலுக்கு எவ்வளவு தூரம் எண்டு நான் அடியால அளந்து பார்த்தனான், ராவில ஒருக்கா முழிப்பு வந்தா அந்த நம்பர் ஞாபகம் வரும். தண்ணியோ நான் பார்த்த மூண்டு இடத்துக்குள்ள இங்கதான் மோசம். பேப்பரில போட்டா செங்கலடி எல்லாத்திலயும் முன்னுக்கு நிக்குது, ஒண்டே ஒண்டைத் தவிர.

அந்த ஒண்டு என்னெண்டா என்ர வேலை நடக்கிற இடம். கல்லடியில இருந்து நாவலடியால வடக்க போனா முகத்துவாரம், வாவி கடலோட சேருற வாய், எதிர்க்கரையில பாலமீன்மடு வெளிச்சவீடு, 1913ல கட்டினது. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில மணல் சேர்ந்து வாய் மூடிக்கொள்ளும், மாரியில வெள்ளம் சேர்ந்தா வெட்டிவிடுவினம். எப்ப வெட்டுறது எண்டதில வயல்காரருக்கு ஒரு கணக்கு, மீன்பிடிக்கிறவைக்கு ஒரு கணக்கு. வயலில தண்ணி நிக்கேக்க வெட்டாட்டி பயிர் அழுகும். அதே வாயாலதான் இறால்குஞ்சு கடலில இருந்து உள்ளுக்கு வந்து வளர்ந்து திரும்பிப் போறது, அதால வாய் திறந்திருக்கிற காலமும் வாவித் தண்ணியின்ர உப்பும் இறால்பாட்டைத் தீர்மானிக்கும். நான் தண்ணி எடுக்கப் போற நாளெல்லாம் தோணிக்காரர் ஒருத்தர் நம்பரைக் கேப்பார், கேட்டிட்டுத் தன்ர நாக்கால ருசி பார்த்து "ஓம், சரிதான்" எண்டு எனக்கு மார்க் போடுவார். செங்கலடியில இருந்தா இதுக்கு மாசத்துக்கு ஒருக்கா வான் பிடிச்சு வந்து போவன். இங்க எண்டா பஸ்ஸுக்கு முன்னம் போயிட்டு வரலாம்.

அப்ப எழுத்தும் வீட்டோடயே முடிவாச்சுது. இங்கிலீஷை விடேல்ல, துறைக்கு எழுதவேண்டியது வருஷத்துக்கு ஒண்டோ ரெண்டோ எழுதுவன், பிள்ளைகளுக்கு விரிவுரை நோட்டில தமிழ்ச்சொல்லையும் பக்கத்தில போட்டுக் குடுக்கிறன், அது நடக்கும். மற்ற நேரம் முழுக்க கலண்டருக்குக் கீழ நிக்கிற தமிழ்தான். செங்கலடி வீட்டுக்காரருக்குப் போன் எடுத்து வரேல்ல எண்டு சொன்னன், "எங்கட தண்ணி பிடிக்கலையா மிஸ்" எண்டு கேட்டார், பாவம். தண்ணி நல்லா இருந்ததுதான் பிரச்சினை எண்டு எப்பிடிச் சொல்லுறது.

வந்து குடியேறி நாலாம் நாள் காலமை பஸ்ஸுக்கு ஓட வெளிக்கிட்டா கேற்றடியில அஞ்சு போத்தில் வரிசையா நிக்குது. பக்கத்து வீடுகளில இருந்து வீட்டுக்கார அம்மா சொல்லி வந்தது. ஒண்டில துண்டு ஒட்டி "பெரியம்மாட கிணறு, குழிக்குக் கிட்ட" எண்டு எழுதியிருக்கு, ஒண்டு மண்ணெண்ணெய் மணக்குது, ரெண்டு நெக்டோப் போத்தில், அடியில சிவப்பு இன்னும் கிடக்குது, அதை அளந்தா கிணத்துக்கில்ல, சோடாவுக்குத்தான் ரீடிங் வரும். பஸ்ஸை விட்டிட்டுத் திண்ணையில இருந்து முதல் துண்டை எழுதினன்: சோடாப் போத்தில் வேண்டாம், தண்ணிப் போத்தில் கொண்டுவாங்கோ. எந்தக் கிணத்துத் தண்ணியோ அதே தண்ணியால மூண்டு தரம் அலசுங்கோ, சவுக்காரம் போடாதேங்கோ. விளிம்பு வரைக்கும் நிரப்பி இறுக்கி மூடி, வெயிலில வைக்காம அண்டைக்கே தாங்கோ. கிணத்துக்கும் குழிக்கும் எத்தினை அடி எண்டு நடந்து பார்த்து எழுதுங்கோ.

அம்மா வாசிச்சுப் பார்த்திட்டு "கயிறு, வாளி?" எண்டு கேட்டா. அதையும் சேர்த்தன்: வாளியையும் கழுவுங்கோ.